உடையாத டம்ளர்கள்

உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் என்ன இருந்தது என்று நினைவிருக்கிறதா? நம் வயதுக்காரர்கள் வீடுகளில் கூடத்து மூலையில் அப்படி ஒன்று நிச்சயம் இருந்தது. எடுத்துப் புழங்குவதற்காக அதில் யாரும் எதையும் வைக்கவில்லை. வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் வைத்தார்கள். சிங்கப்பூர் பொம்மை, காது உடைந்த பீங்கான் நாய், யாருடைய கல்யாணத்துக்கோ வந்த கோப்பை. சாவி எங்கே இருக்கிறது என்பது அம்மாக்களுக்கு மட்டும் தெரியும். எங்கள் வீட்டு அலமாரியில் பிரான்சு டம்ளர்கள் இருந்தன.

போன வாரம் என் வீட்டு அடுப்படியில் ஒரு சத்தம் கேட்டது. அதே சத்தத்தை இதற்கு முன் என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அதனால் இதை எழுதுகிறேன். முன்னும் பின்னுமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். காரைக்காலில் மாதா கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தை தட்டச்சில் ஹையர் தேர்வு முடித்துவிட்டு, படித்த இன்ஸ்டிட்யூட்டிலேயே சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்திருந்தாள். அவள் விரல் நுனிகளில் கார்பன் தாளின் நீலம் எப்போதும் இருக்கும். சோறு பிசையும்போது நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். சோறு நீலமாகிவிடும் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். ஆகவே இல்லை.

அந்த வருடம் மாங்கனித் திருவிழா முடிந்த கையோடு பிரான்சு பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்டவர். அப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறை வருவார். அவர் பெட்டியைத் திறந்ததும் வீடு முழுவதும் குளிர்ந்த வாசனை ஒன்று பரவும். சோப்பு, சாக்லேட், கம்பளி, அடியில் கொஞ்சம் பாச்சை உருண்டை. பிரான்சு என்ற தேசம் அந்த வாசனையில்தான் இருக்கிறது என்று நெடுநாள் நம்பினேன். அவர் திரும்பிப் போன பிறகு பெட்டி இருந்த இடத்தில் போய் முகர்ந்து பார்ப்பேன். பாச்சை உருண்டை மட்டும் கொஞ்ச நாள் அங்கேயே இருந்து, பிறகு அதுவும் காற்றோடு போய்விடும்.

அந்த முறை பெட்டிக்குள் பிரெஞ்சுச் செய்தித்தாளில் சுற்றிய டம்ளர்கள் வந்தன. தடித்த கண்ணாடி. பக்கவாட்டில் பட்டை பட்டையாக வரி. பெரியப்பா ஒன்றைக் கையில் எடுத்தார். எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். கையை இடுப்புயரத்துக்கு நீட்டி அப்படியே விட்டுவிட்டார்.

"ஏசுவே" என்றாள் அம்மா.

டம்ளர் சிவப்பு சிமெண்டுத் தரையில் விழுந்து, மணி அடித்தது போல ஒரு ஒலி எழுப்பி, ஒரு குதி குதித்து, என் கால் பக்கம் உருண்டு வந்தது. ஒரு விரிசல்கூட இல்லை.

"ஆங்கசாப்ளு" என்றார் பெரியப்பா. "அப்படின்னா உடையவே உடையாதுன்னு அர்த்தம். எடுத்துப் பாரு கழுதை."

"பேயி புடிச்ச டம்ளரால்ல இருக்கு அத்தான்" என்றாள் அம்மா.

"பேயில்லம்மா, பிரான்சு."

அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் காட்சி நடந்தது. மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை வந்தார், போட்டுக் காட்டினார். பால்காரர் வந்தார், போட்டுக் காட்டினார். மாடியிலிருந்து போட்டால் என்ன ஆகும் என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டபோது பெரியப்பா யோசிக்காமல் மாடி ஏறிவிட்டார். அப்பாதான் பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்து இறக்கினார். டம்ளர் ஒவ்வொரு முறையும் குதித்தது. எங்களுக்கு அது அலுக்கவே இல்லை.

டம்ளரின் அடியில், உள்பக்கம், ஒரு சின்ன எண் பதிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் வேறு எண். பிரான்சில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தண்ணீர் குடித்து முடித்ததும் அந்த எண்ணைப் பார்ப்பார்களாம். அதுதான் அன்றைக்கு அவர்கள் வயது. யாருக்கு வயது கூடுதலோ அவர் எழுந்து போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவர வேண்டும். பெரியப்பா சொல்லிக்கொடுத்ததும் டம்ளர்கள் தினமும் அலமாரியிலிருந்து இறங்கி வந்தன, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு வேளை மாறிவிட்டது. ஒரு நாள் அப்பாவுக்கு ஐந்து வயது. எனக்கு நாற்பத்தொன்று. நான் எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு வந்து எல்லோருக்கும் ஊற்றினேன். "பெரியவங்க கையால தண்ணி குடிச்சாத்தான் தாகம் அடங்குது" என்று அத்தை என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அத்தை இன்னொன்றும் செய்தாள். நான் எண்ணைத் தமிழில் படிப்பேன். அவள் அதைப் பிரெஞ்சில் சொல்வாள். பெரியப்பாவின் பழைய பாடப்புத்தகம் ஒன்று அவளிடம் இருந்தது. நான் "எட்டு" என்றால் அவள் "உயித்" என்பாள். "பதினாலு" என்றால் "காதோர்ஸ்". உதட்டைக் குவித்துச் சொல்லிவிட்டு, சரியாக இருந்ததா என்று பெரியப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பாள். எனக்கு என்ன தெரியும்? தலையாட்டுவேன்.

சாயங்காலம் மேற்கு வெயில் ஜன்னல் வழியாக அலமாரிக்குள் போகும். டம்ளர்களின் வரிகளில் பட்டு, எதிர்ச்சுவரில் நீள நீளமான ஒளிக் கோடுகள் விழும். தெருவில் ஒரு மாட்டுவண்டி போனால்கூட அலமாரி லேசாக அதிரும். சுவரில் கோடுகள் தண்ணீருக்குள் இருப்பது போல ஆடும். அத்தை அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்பாள். கோடுகள் அவள் கன்னத்திலும் புடவையிலும் ஆடும். அந்த ஆடி மாதம் முழுவதும் என் நினைவில் இப்படித்தான் இருக்கிறது. கடல் காற்று, கதவு அடிக்கும் சத்தம், சுவரில் ஆடும் வெளிச்சம்.

டம்ளர்களை அம்மாதான் கழுவினாள். நம் அம்மாக்கள் எதைக் கொண்டு பாத்திரம் தேய்த்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சாம்பல், புளி, தென்னை நார், ஒரு பிடி ஆற்று மணல். எவர்சில்வர், பித்தளை, பிரான்சு டம்ளர் எல்லாவற்றுக்கும் அதே மணல்தான். "உடையாதுன்னுதானே சொல்றாங்க, அப்புறம் என்ன பயம்?" என்று அழுத்தித் தேய்ப்பாள்.

பெரியப்பா அந்த முறை வந்ததே ஒரு காரியமாகத்தான். அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார். பக்கத்து ஊரான போலகத்தில் வீடு, அந்தப் பையனின் அப்பாவும் ஒரு சொல்தா. பையன் பிரான்சில் மார்சே என்ற ஊரில் ஏதோ தொழிற்சாலையில் இருந்தான். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தான். அவன் புகைப்படம் மாதா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. காது கொஞ்சம் பெரியது, சிரிப்பு நன்றாக இருந்தது. அத்தை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மாதாவுக்குச் சிலுவை போட்டுக்கொண்டாள். மாதாவிடம் அவளுக்கு அவ்வளவு பக்தி அதற்கு முன் இருந்ததில்லை.

ஒரு நாள் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். அரசலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுக விட்டுக்கொண்டே கேட்டாள்.

"மார்சேயிலயும் கடலு இருக்காம். அங்க மணலா இருக்குமா, கல்லா இருக்குமா?"

"பெரியப்பாகிட்ட கேளுங்க அத்தை."

"நீ கேளு. நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லாம கேளு."

நான் கேட்டேன். கல்லு என்றார் பெரியப்பா. போய்ச் சொன்னேன். "செருப்பு வாங்கணும் அப்ப" என்றாள் அத்தை.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது ஒரு பேச்சு வந்தது. பெரியப்பா மீனை உதிர்த்துக்கொண்டே சொன்னார்.

"அங்க போனா இந்த டைப்பு கிய்ப்பெல்லாம் வேலைக்கி ஆவாது பாத்துக்க. வீட்டப் பாத்துக்கணும், புள்ளையப் பாத்துக்கணும். அவ்வளவுதான்."

"விரல வெட்டி இங்க வச்சிட்டுத்தான் வரணுமாண்ணே?" என்றாள் அத்தை.

யாரும் சிரிக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள் என்று எனக்கு ஞாபகம். ஆனால் குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சோற்றைப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் வீடு பூ வாசனையாக இருந்தது. அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உள்ளறையில் நின்றாள். மேசைமேல் தட்டில் பிரான்சு டம்ளர்களை அடுக்குவது அவள் வேலை. வருகிறவர்களுக்கு அதில்தான் சர்பத் கொடுக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் கட்டளை. அறையில் வேறு யாரும் இல்லை. நான் முற்றத்துக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அத்தை எண்களைச் சொல்வது கேட்டது. பதினாலு, காதோர்ஸ். இருபது, வேன். பிறகு சத்தம்.

அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பாத்திரம் விழுகிற சத்தம் இல்லை. பட்டாசு போல ஒரு வெடிப்பு. அதற்குப் பின்னால், மூட்டையிலிருந்து கல்லுப்பு கொட்டுவது போல ஒரு நீண்ட சரசரப்பு.

எல்லோரும் ஓடினோம். அத்தை சுவரோடு ஒட்டி நின்றாள். இரண்டு கைகளும் காற்றில் இருந்தன. மேசை, தரை, அவள் புடவை மடிப்பு எல்லாம் கண்ணாடி மணிகள். நீளமான சில்லு ஒன்றுகூட இல்லை. கற்கண்டு போல, ஜவ்வரிசி போல, உருண்டு திரண்ட மணிகள். ஜன்னல் வெளிச்சத்தில் தரை முழுவதும் மினுங்கியது. அதைப் பார்த்து முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவு அழகு.

"நான் தொடவே இல்ல" என்றாள் அத்தை. "தட்டுல இருந்துச்சு. நான் தொடவே இல்ல."

பெரியப்பா குனிந்து சில மணிகளை உள்ளங்கையில் அள்ளினார்.

"இது கீழ விழுந்தாலே உடையாது. எத்தனை தடவ போட்டுக் காட்டியிருக்கேன், எல்லாரும் பாத்தீங்கல்ல?"

எல்லோரும் பார்த்திருந்தோம். அதுதான் தொல்லை. வேறு எந்த வீட்டிலாவது ஒரு டம்ளர் உடைந்திருந்தால், கை தவறிவிட்டது என்று சொல்லிக் கூட்டி அள்ளியிருப்பார்கள். எங்கள் வீட்டு டம்ளர் உடையாதது. கை தவறி உடைய வழியே இல்லை. தானாக உடையும் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியானால் எவ்வளவு ஆங்காரத்தோடு ஓங்கி அடித்திருக்க வேண்டும்?

அம்மா விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டே மெல்லிய குரலில் அப்பாவிடம் சொன்னாள். "இம்மாம் தூளா போயிருக்கு பாருங்க. எந்த வேகத்துல அடிச்சிருந்தா இப்படிப் போவும். நேத்து ராத்திரி பேசுனதுதான். புடிக்கலன்னு வாயத் தொறந்து சொன்னா நாம என்ன கொன்னா போடப் போறோம்?"

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சர்பத் எவர்சில்வர் டம்ளரில் போனது. அத்தையின் கண் வீங்கியிருந்தது. பெரிய காதுகளுடன் அந்தப் பையன் ஓரமாக உட்கார்ந்து, அவளை ஒரு முறை பார்த்துவிட்டுத் தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் போன பிறகு பெரியப்பா கூடத்தில் நின்று தீர்ப்பு சொன்னார்.

"நம்ம காலம் மாதிரி இல்ல. அங்கெல்லாம் பொண்ணு வேண்டாம்னா வேண்டாந்தான். இஷ்டமில்லாத புள்ளையக் கட்டி இழுத்துக்கிட்டுப் போவ என்னால முடியாது."

அத்தை உள்ளறை வாசலில் வந்து நின்றாள். "நான் தொடவே இல்லண்ணே" என்றாள் மறுபடியும்.

"சரிம்மா, விடு. டம்ளருதானே. யாரு உன்னத் திட்டுனா? உன் மனசு எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு."

அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. பெருந்தன்மைதான் இருந்தது. ஊரில் எந்த அண்ணன் இப்படி விட்டுக்கொடுப்பான் என்று அம்மாகூட அப்புறம் மெச்சினாள். மறுநாள் காலையில் அவரே பஸ் பிடித்துப் போலகத்துக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

நம் வீட்டுப் பெண்கள் அந்தக் காலத்தில் ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்று அழுதே காட்டலாம். எனக்கு இவர்தான் வேண்டும் என்று ஒரு பெண் கூடத்தில் நின்று எப்படிச் சொல்வாள்? அவளால் சொல்ல முடிந்தது அந்த ஒன்றுதான். நான் தொடவே இல்லை. அதை யாரும் நம்பவில்லை.

அந்தக் கண்ணாடி மணிகளில் கொஞ்சத்தை நான் ஒரு மாத்திரைக் குப்பியில் போட்டு வைத்திருந்தேன். வெயிலில் ஆட்டிப் பார்ப்பேன். வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. பெரியப்பாவும் போய்ச் சேர்ந்து பல வருடங்களாகின்றன.

இப்போது அடுப்படிக்கு வருகிறேன். நான் காரைக்காலிலேயே கோவில்பத்தில் இருக்கிறேன். கணவர் மஸ்கட்டில். பிளஸ் டூ படிக்கும் மகளும் நானும் மட்டும். அவள் தெருமுனை தாண்டும் வரை வாசலில் நிற்கிறவள் நான். "பாத்துப் போ, பாத்து எறங்கு, பாத்துக் குடி" என்று ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறேன் என்று அவள் கேலி செய்வாள். அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். வெடிப்பு. அதற்குப் பின்னால் உப்பு கொட்டும் சரசரப்பு.

ஓடி வந்து பார்த்தால், எங்கள் கேஸ் அடுப்பின் கண்ணாடி மேல்தட்டு முழுவதும் மணிகளாகிக் கிடந்தது. தரையெல்லாம் பால். ஒரு பர்னர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவள் நடுவில் நின்றாள், தலைமுடியெல்லாம் மினுங்க. நான் அடுப்பை அணைத்தேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது.

"என்னத்தடி போட்டு உடைச்ச?"

"நான் எதுவுமே பண்ணலம்மா."

"பண்ணாம எப்படி உடையும்? எவ்வளவு தடிமன் அது. கடைக்காரன் மேல ஏறி நின்னே காட்டுனான்."

அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் எது கேட்டாலும் பதில் "ம்" மட்டும்தான்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அடுப்படியைக் கழுவினேன். ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு கைப்பிடி மணிகள் வந்தன. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கை வெட்டவில்லை. ஜன்னல் வெளிச்சம் பட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் வேதியியல் படித்தவள். பட்டம் வாங்கியதோடு அலுவலகக் கோப்புகளுக்குள் போய்விட்டேன் என்றாலும், படம் வரைந்து பாகம் குறித்தது கைக்கு மறக்கவில்லை. ஒரு சிலிக்கன் அணு, அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன். ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கனுக்கு நடுவில் நின்று ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்ளும். நம் கடற்கரை மணலிலும் பெரும்பகுதி இந்தப் பிடிதான், அந்த டம்ளரிலும் இந்தப் பிடிதான். மணலில் அணுக்கள் வரிசை தப்பாமல் நிற்கின்றன. கண்ணாடியில் கூட்டம் கலைந்த இடத்தில் அப்படியே உறைந்து நிற்கின்றன. பாச்சை உருண்டையில் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் நடுவே பிடி ஏதோ பேருக்குத்தான். அதனால் காற்றோடு போய்விடுகிறது. எவர்சில்வரில் எலக்ட்ரான்கள் எல்லா அணுவுக்கும் பொது. ஒரு வரிசை நழுவினாலும் பிடி விடாது. அதனால் அது கீழே விழுந்தால் நசுங்குகிறது, பிழைத்துக்கொள்கிறது. கண்ணாடிக்கு நழுவத் தெரியாது. பிடித்தால் உயிர்ப்பிடி, விட்டால் விட்டதுதான்.

உடையாத கண்ணாடி என்று விற்பதை எப்படிச் செய்கிறார்கள் என்பதும் பாடத்தில் இருந்தது. கண்ணாடியைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிர்காற்றை அடிப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இன்னும் சூடு. உள்பகுதி பிறகு ஆறும்போது சுருங்கப் பார்க்கும், இறுகிய தோல் விடாது. அதனால் காலம் முழுவதும் உள்பகுதி இழுத்துக்கொண்டே இருக்கும், தோல் நெரிந்துகொண்டே இருக்கும். நெரிந்த தோலில் கீறல் விழுந்தாலும் வாய் பிளக்க இடமில்லை. அதுதான் அதன் பலம். ஆனால் கீறல் மேல் கீறல் விழுந்து, அதில் ஈரக்காற்றின் நீர் புகுந்து ஒவ்வொரு பிணைப்பாக அவிழ்த்துக்கொண்டே போய், ஒரு நாள் அந்த இழுவை இருக்கும் இடத்தைத் தொட்டுவிட்டால், அத்தனை வருட இழுவையும் ஒரே கணத்தில் விடுபடும். அப்போது பக்கத்தில் யாரும் எதையும் தொட்டிருக்க வேண்டியதில்லை. தூள் தூளாகப் போவது யாரோ ஓங்கி அடித்ததால் இல்லை. அதற்குள்ளேயே இருந்த இழுவை அவ்வளவு.

தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எழுதும்போது ஒரு முறையாவது உள்ளறையில் கைகளைக் காற்றில் வைத்துக்கொண்டு நின்ற அத்தை நினைவுக்கு வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. பாடம் ஒரு பக்கம் இருந்தது, வீடு ஒரு பக்கம் இருந்தது.

பெரியப்பா போட்டுக் காட்டிய ஒவ்வொரு முறையும் ஒரு கீறல். அம்மாவின் ஆற்று மணல் ஒரு ஆயிரம் கீறல். உடையாது என்பதை நிரூபித்து நிரூபித்தே அதை உடையும் இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். என் அடுப்பை மட்டும் என்ன, கம்பி நாரால் தினமும் அழுத்தித் தேய்த்தது நான்தான்.

மகள் பள்ளியிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தானாகவே உடையும் என்று சொன்னேன். உன் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"இப்ப கெமிஸ்ட்ரி சொல்லுது, அதனால நம்புற. நான் சொன்னப்ப நம்பலல்ல?"

அவள் கழற்றிய ஷூவை எடுத்து வாசலில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவளையும் அழைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை அதே பழைய வீட்டின் பின்பாதியில் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறகு வந்த இடங்களை அவளே வேண்டாம் என்றுவிட்டாள். அப்போது அதை எல்லோரும் உடனே நம்பினார்கள். இன்ஸ்டிட்யூட்டை அவளே எடுத்து நடத்தினாள். இந்த ஊர் அலுவலகங்களில் பாதிப் பேர் அவளிடம் விரல் பழகியவர்கள், நான் உட்பட. அவள் வாழ்க்கை வீணாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் முதலில் அவளே என்னைத் திட்டுவாள். ஆனால் கல் நிறைந்த ஒரு கடற்கரைக்கு அவள் செருப்பு வாங்க நினைத்ததை நான் அறிவேன். அதை அறிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபடி வந்தேன். உட்கார்ந்ததும் கொட்டிவிட்டேன். அடுப்பு, கண்ணாடி மணிகள், தோல், இழுவை, மணல், பெரியப்பா போட்டுக் காட்டியது எல்லாம். கடைசியில் சொன்னேன், "அத்தை, அன்னைக்கி அது தானாத்தான் உடைஞ்சிருக்கு."

அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள். "நான்தானே அங்க நின்னேன்."

நாற்பது வருடங்களுக்குப் பிறகு பெரிய பரிசு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவள் போல நான் உட்கார்ந்திருந்தேன். அது அவளிடம் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

அத்தை என்னை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். "இங்க வா. ஒனக்கு எங்கயும் படலையே? கண்ணுல கிண்ணுல தெறிக்கலையே? கால்ல குத்துச்சா?"

"இல்ல பாட்டி" என்று ஆரம்பித்த மகள் முடிக்கவில்லை. உதடு கோணியது. அந்த ஒரு கேள்வியைத் தவிர இத்தனை நாள் "ம்" மட்டும் சொன்ன பிள்ளை அத்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினாள். அத்தை அவள் தலைமுடிக்குள் கார்பன் நீலம் எப்போதோ போய்விட்ட விரல்களை விட்டுத் தடவினாள். இன்னும் ஏதாவது மணி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது போல இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு உள்ளறையில் அவ்வளவு பேர் நின்றோம். அத்தை வெறுங்காலோடு இருந்தாள். படவில்லையே என்று ஒருவர் கேட்கவில்லை. என் மகளிடம் நானும் கேட்கவில்லை.

"பயந்துட்டியா?" என்றாள் அத்தை.

"ரொம்ப."

"நானும் அன்னைக்கி ரொம்பப் பயந்துட்டேன்."

நான் மகளின் காலைத் தொட்டேன். "என் மேலதான் தப்பு" என்றேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை எழுந்து போய் இரண்டு டம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்தாள். தடித்த கண்ணாடி, பட்டை பட்டையாக வரி. சொத்தைப் பாகம் பிரித்தபோது, அன்று உடையாமல் மிஞ்சிய டம்ளர்களை யாரும் வேண்டாம் என்றதால் அவளிடமே தங்கிவிட்டன. தினமும் இதில்தான் குடிக்கிறாளாம். ஒன்றை மகளிடம் கொடுத்தாள்.

மகள் குடித்து முடித்து, டம்ளரைச் சாய்த்து அடியைப் பார்த்தாள். "இதுல என்னமோ நம்பர் இருக்கு. முப்பத்து மூணு."

அத்தை தன் டம்ளரிலிருந்து வாயை எடுக்காமலே சொன்னாள். "த்ராந்த் த்ருவா."

"என்னது பாட்டி?"

"ஒண்ணுமில்ல. அதுதான் இப்ப ஒனக்கு வயசு." தன் டம்ளரின் அடியைப் பார்த்தாள். "எனக்குப் பதினொண்ணு. பெரியவங்க நீங்கதான் எந்திரிச்சுப் போயித் தண்ணி எடுத்துட்டு வரணும்."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். இரண்டு டம்ளர்களையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவை ஒன்றோடொன்று உரசி மெல்ல ஒலித்தன. வெறுங்காலோடு அந்தப் பழைய சிவப்புத் தரையில் பானையை நோக்கி நடந்தாள்.

பாத்து என்ற சொல் என் வாய் வரை வந்தது. அத்தை என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை.